பன்னிரண்டாவது கலயம்

மலையுச்சி ஹோட்டலின் பாரில் சூடான விஸ்கியில் தேனும் எலுமிச்சையும் கலந்து கொடுக்கும்போது, 'ஹாட் டோடி' என்ற பேரின் கதையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது ஜெபசிங்குக்கு மேனேஜர் போட்டிருந்த உத்தரவு. "நம்ம பனங்கள்ளத்தான் சார் வெள்ளக்காரங்க டோடின்னாங்க. அப்புறம் இந்தச் சூட்டுச் சரக்குக்கும் அதே பேரு ஒட்டிக்கிச்சு," என்று சொல்லி முடித்தான். கோட்டு போட்ட விருந்தாளி கைதட்டினார். "பிரமாதம்! அந்தக் கள்ளு ஒரு வாய் கிடைக்குமாப்பா?" ஜெபசிங்குக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முந்தாநாள்தான் பனையேறும் அவன் அப்பாவைப் போலீஸ் பிடித்துப் போயிருந்தது. கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவினால் பனையில் வடிவது பதநீர். தடவாவிட்டால் கள், குற்றம். பன்னிரண்டு கலயத்தில் ஒன்றுக்குத் தடவ மறந்திருந்தார் அப்பா. பன்னிரண்டையும் உடைத்துவிட்டு, மரமேறிய கோலத்திலேயே ஜீப்பில் ஏற்றினார்கள். ஜெபசிங் வெற்றிலைக்கு வைத்திருந்த சுண்ணாம்பு டப்பாவைத் திறந்தான். புதுக் கிளாஸ் ஒன்றை எடுத்து, உள்பக்கம் முழுக்க விரலால் வழித்துத் தடவினான். அதில் விஸ்கியைத் தளும்ப ஊற்றி விருந்தாளி முன்னால் நங்கென்று வைத்தான். "குடிங்க சார். சுண்ணாம்பு தடவியாச்சு. இனி உங்கள எந்தப் போலீசும் பிடிக்காது."