கோடு குறையக் குறைய

தேயிலைத் தொழிற்சாலையில் டீமேக்கராக இருந்து ஓய்வுபெற்ற வீரய்யாவின் வீட்டு ஜன்னலைப் பார்த்து, ரோட்டோர மதகில் உட்கார்ந்திருந்த நிரஞ்சன் நீளமாக ஒரு பெருமூச்சு விட்டான். கந்தப்பளைக் கடைத்தெருவுக்கு வம்பு மெல்ல அதுவே போதுமாக இருந்தது.

“மச்சான், டீமேக்கர் மக மேல இம்புட்டு ஆசைய வச்சுக்கிட்டு ரோட்டுலயே குந்தியிருந்தா எப்புடி?” என்றான் கூட இருந்த அழகன்.

“வாய மூடுடா. நான் பாக்குறது சிக்னல.”

உண்மைதான். மடியில் பழைய லெப்டொப். அதிலிருந்த வயர்லெஸ் மெனேஜர் என்ற மென்பொருள் காற்றைத் துழாவி ஒரே ஓர் இணைப்பைக் காட்டியது. ஊரிலேயே வயர்லெஸ் பெட்டி வைத்திருந்த ஒரே வீடு அது, பாஸ்வேர்டும் கிடையாது.

நிரஞ்சன் கம்ப்யூட்டர் டியூஷன் மாஸ்டர். டிப்ளோமாவின் கடைசிப் பயிற்சி வேலையான ஒப்படையைப் பகுதி பகுதியாக இணையத்தில் அனுப்பி முடித்தால் சான்றிதழ். சான்றிதழ் வந்தால் பள்ளிக்கூட வேலை. மரம் விழுந்து கடைத்தெருவின் இணைய லைன் அறுந்து கிடந்ததால், அடுத்த வீட்டுக் காற்றைத் திருடுவதைத் தவிர அவனுக்கு வேறு வழியில்லை. “பாஸ்வேர்ட் போடாம விட்டா திருடன் வந்துருவான்” என்று வகுப்பில் முழங்கியவனும் அவனேதான்.

முதல் நாள் மதகிலேயே ஐந்து சிக்னல் கோடு வந்தது. ஜன்னலில் பிளாஸ்டிக் பூச்சாடிக்குப் பக்கத்தில் ஒரு பச்சை விளக்கு கண்சிமிட்டியது. சாமி விளக்காக்கும் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

மறுநாள் அதே மதகில் இரண்டே கோடு. சாமி விளக்கையும் காணவில்லை, பல்பு போயிருக்கும். கேட்டுக்கு நகர்ந்தான், ஐந்து கிடைத்தது. அதற்கடுத்த நாள் கேட்டிலும் இரண்டு.

மெனேஜரை அழித்துவிட்டுத் திரும்பப் போட்டான். நுவரெலியாவுக்குப் போய் வேறொரு மென்பொருள் சீடி வாங்கி வந்தான். அது அதே இரண்டு கோட்டைக் கலரில் காட்டியது.

“மூடுபனிடா. ஈரக் காத்துல அலை கரைஞ்சு போயிரும்” என்று அழகனுக்கு விஞ்ஞானம் விளக்கினான். டீமேக்கரின் மகள் நிலக்ஷி இரண்டு தடவை பக்கத்தில் வந்து சிரித்துவிட்டுப் போனாள். அசைந்தால் கோடு குறைந்துவிடுமோ என்ற பயத்தில் அவன் நிமிரவேயில்லை.

கேட்டைத் தாண்டிப் பேரிக்காய் மரத்தடிக்கு வந்த அன்று, வீரய்யாவிடம் கையும் லெப்டொப்புமாக மாட்டிக்கொண்டான்.

“என்ன தம்பி?”

“பஸ்ஸுக்கு நிக்கிறேங்க ஐயா.”

“எங்க வீட்டு மரத்தடிக்கு எந்த பஸ்ஸு வருது?”

திட்டு விழவில்லை. படிக்கட்டில் உட்கார வைத்துத் தேத்தண்ணி கொடுத்தார். “கொழுந்த வாட்டுறப்ப அவசரமே கூடாது தம்பி. ஒரேயடியா சூட்டக் கூட்டுனா கெட்டுப் போவும். கொஞ்சங் கொஞ்சமாத்தான் பதத்துக்குக் கொண்டாரணும்” என்று பழைய தொழிலைப் பேசினார். நிரஞ்சன் தலையை ஆட்டினான். கண் கோட்டில் இருந்தது.

கடைசி நாள் படிக்கட்டிலும் ஒரே கோடு. ஒப்படையின் கடைசிப் பகுதி பாதியில் நின்றது. இன்றைக்குப் போகாவிட்டால் இன்னும் ஒரு வருஷம்.

“குளுருதுல்ல, உள்ள வாங்க தம்பி” என்றார் வீரய்யாவின் மனைவி நாகலெட்சுமி.

லெப்டொப்பைக் கைக்குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு போனான். கூடத்தில் இரண்டு கோடு, சாப்பாட்டு மேசையில் மூன்று, குசினி வாசலில் ஐந்து.

“இங்கயே உக்காரலாமாங்க? அடுப்புச் சூடு நல்லாருக்கு.”

வீரய்யா எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு விசாரணையைத் தொடங்கினார்.

“அம்மா என்ன செய்றாங்க?”

“கொழுந்து எடுக்குறாங்க. தோட்டத்து லயத்து வீட்டுலதான் இருக்கோம்.” அவர் முகம் மாறும் என்று காத்திருந்தான். மாறவில்லை.

“கூடப் பொறந்தவங்க?”

“ஒரு தங்கச்சி. கட்டிக் குடுத்தாச்சு.”

“குடி, சிகரட்?”

“சத்தியமா இல்லீங்க ஐயா.”

பொலிசில் வாக்குமூலம் எடுப்பதும் இப்படித்தான் இருக்கும் என்று அவனுக்கு வியர்த்தது. அந்த நேரம் பார்த்துத் திரையில் செய்தி வந்தது: ஒப்படை போய்ச் சேர்ந்துவிட்டது! கண் கலங்கிவிட்டது அவனுக்கு. சந்தோஷத்தில் பொய்யும் வரவில்லை.

“மன்னிச்சிருங்க ஐயா. இத்தன நாளும் ஒங்க லைனத்தான் திருடுனேன். பொலிசுக்கு மட்டும் சொல்லிராதீங்க.”

வீரய்யா மனைவியைப் பார்த்தார். மனைவி மகளைப் பார்த்தார். தேத்தண்ணித் தட்டோடு நின்ற நிலக்ஷி, சிரிப்பை அடக்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்குப் பின்னால் குசினி அலமாரியில், அரிசி டின்னுக்கும் மிளகாய் டின்னுக்கும் நடுவே, அந்தச் சாமி விளக்கு பச்சையாகக் கண்சிமிட்டியது.

வீரய்யா வாய்விட்டுச் சிரித்தார். “நிலக்ஷி, நீ தெனம் நகத்தி வச்ச வயர்லெஸ் பெட்டிய பழையபடி ஜன்னல்லயே வச்சிரும்மா, மாப்ள உள்ள வந்துட்டாரு!”