டோஃபுவின் விரதம்

வாய்ப்புண் ஆறிய பிறகும் டோஃபு எதையும் தொடவில்லை. தைவானின் தைனான் நகரில் அந்த வெள்ளைப் பாம்பை ஆசை ஆசையாக வளர்க்கும் யூசெங்குக்கும் கவலையில் சோறு இறங்கவில்லை. அன்றும் உறைந்த எலியை வெந்நீரில் போட்டு இளக்கி, இடுக்கியில் பிடித்து நீட்டினான். பாம்பு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"எனக்குக் காய்ச்சல் வந்தப்போ ஒரு வாய் கஞ்சி வெச்சுக் குடுத்தியா?" என்றாள் மனைவி பெய்ஷான், அறைக்கு வெளியே நின்றபடி. பாம்பு இருக்கும் அறைக்குள் கால் வைக்கமாட்டேன் என்று சத்தியம் செய்தவள் அவள்.

"செத்துடுமோன்னு பயமா இருக்கு, பெய்ஷான்."

"செத்தா எனக்கு நிம்மதி!"

மறுநாள் பாம்பைத் தூக்கிக்கொண்டு கால்நடை டாக்டர் லியாவிடம் ஓடினான்.

"குழாய் வெச்சாவது ஊட்டுங்க, டாக்டர்."

டாக்டர் எடை போட்டுப் பார்த்துச் சிரித்தார். "எதுக்கு? எடை கூடியிருக்கே! வயித்துல இரையும் இருக்கு."

"நான் குடுத்தா தொடவே மாட்டேங்குதே!"

"வயிறு நிறைஞ்சிருந்தா எப்படித் தொடும்? வீட்ல வேற யாரு இருக்கா?"

"என் மனைவி மட்டும்தான். அவ பாம்புன்னாலே அலறுவா."

அடுத்த வாரம் ஒரு மதியம், யூசெங் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்கு வந்தான். பாம்பு அறையில் ஹேர் டிரையர் ஓடும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தான்.

பெய்ஷான் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தன் ஹேர் டிரையரால் எலியைச் சூடாக்கிக்கொண்டிருந்தாள்.

"வெதுவெதுப்பா இருக்கு பாரு. சாப்பிடு ராஜா."

டோஃபு லபக்கென்று கவ்வியது. பூரித்துப்போன யூசெங் ஓரடி முன்னால் வைத்தான்.

"ஷ்ஷ்! அங்கேயே நில்லு," என்றாள் பெய்ஷான், திரும்பாமலே. "புது ஆளுங்களைப் பார்த்தா அவன் சாப்பிடமாட்டான்."