சுவரில்லாத கதவு

பயிற்சிக்கூடத்தின் நடுவே சுவரில்லாமல் ஒரு கதவு மட்டும் நின்றது. மார்மன் என்ற கிறிஸ்தவ சபைக்காக வீடு வீடாக ஊழியம் செய்யத் தமிழ்நாடு போகவிருந்த க்ளேட்டனுக்கு ஒன்பது வாரமாக அதைத் தட்டித் தட்டி விரல்முட்டி காய்த்துப்போயிருந்தது. தமிழ் ஆசிரியை ஜெயசீலி வீட்டுக்காரியாக நடித்து, ஒவ்வொரு முறையும் அவனைத் திருப்பி அனுப்புவார். "நான் விசுவாசிக்கிறேன்" என்னும்போது அவன் நாக்கு இன்னமும் இடறியது.

"இன்னிக்கு நீங்கதான் வீட்டுக்காரர்" என்றார்.

அவன் அந்தப் பக்கம் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். உடன் பயிலும் பிரைஸ் தட்டினான்.

"ஐயா, கடவுளைப் பத்திக் கொஞ்சம் பேசலாமா?"

கதவு பாதி திறந்தது.

"எனக்கு அதுலெல்லாம் நம்பிக்கை இல்ல தம்பி. போயிட்டு வாங்க."

முதன்முறையாக நாக்கு இடறவில்லை. கைதட்டப்போன ஜெயசீலி நிறுத்திக்கொண்டார். கதவு மறுபடி சாத்திக்கொண்டது. இரண்டடி நகர்ந்தால் அவனைப் பார்த்துவிடலாம்.

ஜெயசீலியும் பிரைஸும் நகரவில்லை.