நாக்கு அவருடையது

சிதம்பரநாதன் சார் என்ன தின்றாலும் ருசி மட்டும்தான் அவருக்கு. சர்க்கரையும் கொழுப்பும் அந்த நிமிஷமே என் உடம்பில் வந்து சேரும். ஓடியோ தண்டால் எடுத்தோ அதை நான் கரைக்க வேண்டும். பர்சனல் ட்ரெயினர் என்றால் இப்போதெல்லாம் இதுதான் வேலை.

போன மாதம் என் மகளுக்குப் பிறந்தநாள். கேக்கை என் வாய்க்கு நேராக நீட்டினாள். அன்றைக்கென்று பார்த்து சார் ஏதோ கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருந்தார். என் உடம்பில் அவருக்கே இடம் போதவில்லை. வாயை இறுக மூடிக்கொண்டு மாடிப்படியில் ஏறி இறங்கினேன். "அப்பாவுக்கு என்னைப் பிடிக்கல" என்று கீழே அழுதுகொண்டிருந்தாள்.

அன்று படியில் இடித்துக்கொண்ட கால்விரல் ஆறவே இல்லை. இன்று காலை, விரலை எடுத்தாக வேண்டும் என்றார் டாக்டர். கட்டுப்போட்ட காலோடு சாரிடம் சொல்லப் போனேன். எழுபது வயதிலும் உடம்பைக் கச்சிதமாக வைத்திருக்கிறார் என்று காலனிக்காரர்கள் அவருக்குப் பொன்னாடை போர்த்திக்கொண்டிருந்தார்கள்.

என் காலைப் பார்த்து முகம் சுளித்தார். "என்னப்பா ஜோதிபாசு, ட்ரெயினரே இப்படி இருந்தா எப்படி? என்னைப் பாரு. மனுஷனுக்கு வாயில ஒரு கட்டுப்பாடு வேணும். நாளையிலேருந்து வேற ஆளைப் பார்த்துக்கறேன்."

சுற்றி நின்றவர்கள் ஆமாம் என்று தலையாட்டினார்கள்.

நாளையிலிருந்துதானே. தட்டிலிருந்து ஒரு ஜாங்கிரியை எடுத்து நிதானமாகக் கடித்தார். எனக்குக் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது.