பதினோராவது கண்ணாடி

ஆய்வுக்கூடத்தில் எனக்கு வேலை, இலையில் படர்ந்த கறுப்புப் பூஞ்சையை ஒட்டுநாடாவால் பிய்த்துக் கண்ணாடித்துண்டில் ஒட்டி, அது வளர்ந்த இடத்தைச் சீட்டில் எழுதுவது. நாற்பது வயதில்தான் எழுதப் படிக்கக் கற்றவன். என் கோணல் எழுத்தை அதிகாரியம்மா படிக்க மாட்டார். என்னையே வாசிக்கச் சொல்வார்.

அன்று பத்து இலைகள் வந்தன. இந்த நாட்டில் யாரும் பார்த்திராத பூஞ்சையாம். அதன் ஒவ்வொரு நுண்வித்துக்குள்ளும் நான்கு தடுப்புச் சுவர்களாம். தட்டில் பதினோரு கண்ணாடிகள் இருந்தன.

“பத்து எலைக்குப் பதினொண்ணு எப்படிய்யா வரும்? எழுதத்தான் வரல, எண்ணவுமா வராது?”

“பத்துதாம்மா ஒட்டினேன்.”

“நாளைக்கும் இப்படி இருந்துச்சு, வேலைக்கே வராத.”

அதிகமாக இருந்ததை உடைத்துப் போட்டேன். மறுநாள் காலையிலும் பதினொன்று.

அதிகாரியம்மா பதினோராவதை நுண்ணோக்கியில் வைத்துக் குனிந்தார். “அதே நாலு சுவருதான். ஆனா அடியில இருக்கறது எலை இல்லையே. எங்கேருந்துய்யா எடுத்த? சீட்டப் படி.”

நான் எழுதாத சீட்டு அது. எழுத்து மட்டும் என்னுடையது. ‘வளர்ந்த இடம்: அதிகாரியம்மாவின் இடது மணிக்கட்டு.’

“என் எழுத்து எனக்கே புரியலைங்கம்மா” என்றேன்.

“தண்டம்! வெளிய போ” என்றார், இடது மணிக்கட்டைச் சட்டைக்கு மேலேயே சொறிந்துகொண்டு.