வேண்டாமென்ற வேலை

சின்னப்பனை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது குருபோங் தொழிற்பேட்டையில், நான் காவலுக்கு ஜாகாவாக நிற்கும் தொழிற்சாலையின் கேட்டில்.

ஃபோர்க்லிஃப்ட் ஓட்ட ஒரே ஓர் ஆள் தேவைப்பட்டது. இண்டர்வியூ முடிந்து வெளியே வந்தார்.

"என்னப்பா, கிடைச்சுதா?"

"கிடைச்சுது. வேணாம்னுட்டேன்ண்ணே."

"உன் பழைய கம்பெனி மூடி ஒரு வருஷமாச்சு. இந்த குருபோங்ல நீ போய் நிக்காத கேட் இல்ல. வந்த வேலைய வேணாம்ங்கிறியா?"

"ஷிஃப்ட் ஒத்துவராது லா."

"வயித்துக்கு ஒத்துவருமா?"

சிரித்தார். கூட அழைத்து வந்திருந்த பக்கத்து வீட்டு வசந்தன் இன்னும் உள்ளே இருந்தான். அவனுக்காக மோட்டார் சைக்கிள்மேல் சாய்ந்து நின்றார்.

அடுத்த வாரம், ஆயர் குரோவில் வேலை கேட்கப் போகும் வழியில் லாரி மோதிச் செத்துப்போனார்.

டுரியான் துங்காலில் அவர் வீட்டு வாசலில் கூடாரம் போட்டிருந்தார்கள். பெட்டியின் பக்கத்தில் அவர் மனைவி பாட்ரீசியா ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"வந்த வேலைய எடுத்திருந்தா அந்த ரோட்டுக்கே போயிருக்க மாட்டாரே."

வசந்தன் எங்கள் கம்பெனிச் சட்டையோடு வேலையிலிருந்து நேராக வந்திருந்தான்.

"இண்டர்வியூல கடைசியில நின்னது நாங்க ரெண்டு பேருதான் மாமா," என்றான் என்னிடம். "அண்ணன் ஷிஃப்ட் பார்த்தாரு. நான் எதையும் பார்க்கல. வேலை வேணும்னா உள்ளுக்குள்ள ஒரு வெறி வேணும். அவருகிட்ட அது இல்ல."

சுற்றி இருந்தவர்கள் தலையாட்டினார்கள். நானும்தான்.

இண்டர்வியூ எடுத்த ஷாந்தினியும் வந்திருந்தாள். திரும்பிப் போகும்போது என்னைக் கார் பக்கம் தனியாக அழைத்தாள்.

"அங்கிள், ஷிஃப்ட் எல்லாம் காரணம் இல்ல. அவர்தான் செலக்ட் ஆனாரு. அடுத்தது யாருன்னு கேட்டாரு. வசந்தன்னு சொன்னேன்."

"அப்புறம்?"

"'அவனுக்கே குடுத்துடுங்கம்மா. மாசக்கணக்கா வீட்டுக்குள்ளேயே கிடந்தவன், இழுத்துக்கிட்டு வந்திருக்கேன். இதுவும் போச்சுன்னா இனிமே எந்தக் கேட்டுக்கும் வரமாட்டான். நான் இன்னும் தேடுவேன்'னாரு."

வசந்தனிடம் நான் இதுவரை சொல்லவில்லை.

அந்த ஃபோர்க்லிஃப்டை இன்றும் அவன்தான் ஓட்டுகிறான்.