நாச்சிமுத்துவின் இடது முட்டி

காங்கேயத்துக்குப் பக்கத்தில் ஒரு மேய்ச்சல் காட்டில் நாச்சிமுத்துவுக்குத் துள்ளுகிற உத்தியோகம். அழிந்துகொண்டிருக்கும் புல்வெளிப் பறவையான வரகுக்கோழியை ஆய்வகத்தில் பொரித்து அங்கே விட்டிருந்தார்கள். அந்தச் சேவல்களுக்குத் தாய் தகப்பன் கிடையாது. புல்லுக்கு மேலே எம்பித் துள்ளினால்தான் பெட்டை வரும் என்பதை யாராவது காட்டிக்கொடுக்க வேண்டுமே! கறுப்பு இறகுச் சட்டையை மாட்டிக்கொண்டு தினமும் முந்நூறு தடவை துள்ளினார். ஆறே வருஷத்தில் இடது முட்டி தேய்ந்துவிட்டது. ஒவ்வொரு முறை கீழே இறங்கும்போதும் குனிந்து முட்டியைத் தேய்த்து, "அப்பப்பா" என்று முனகுவார்.

ஒருவழியாக ஆபரேஷனுக்கு நாள் குறித்தாயிற்று. மனைவி வசந்தாமணி ஆஸ்பத்திரிக்குத் துணிமணி எடுத்து வைத்துக்கொண்டிருந்தபோது வனத்துறை ரேஞ்சரம்மா வந்தார்.

"வடக்கே இருந்து ஒரு காட்டுச் சேவலைக் கொண்டாந்து விட்டோமுங்க. என்னமாத் துள்ளுது! ஆனா ஒரு பெட்டைகூடத் திரும்பிப் பார்க்கலீங்க."

"ஏனுங்கம்மா?"

"துள்ளி முடிச்சுக் குனிஞ்சு காலைத் தேய்க்க மாட்டேங்குது. முனகவும் மாட்டேங்குது. நம்ம சேவலுக அத்தனையும் உங்களாட்டவே பண்ணுதுங்களே, பெட்டைகளுக்கு அதுதான் புடிச்சுப்போச்சு."

நாச்சிமுத்துவுக்குப் பெருமை தாங்கவில்லை. அதற்குள் ரேஞ்சரம்மா ஓர் உத்தரவை நீட்டினார். இனம் தழைக்க இன்றியமையாதது என்று அவருடைய முட்டி வலியைப் பாதுகாக்கப்பட்டவற்றின் பட்டியலில் சேர்த்திருந்தார்கள். அதைக் குணப்படுத்தினால் மூன்று வருஷம் சிறை.

வசந்தாமணி கையிலிருந்த தைலப் புட்டியைச் சத்தமில்லாமல் முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.